புதுப்பிப்பு: மகளுக்குச் சிறப்புக் கல்வியா, பேச்சுச் சிகிச்சையா?

பலதுறைத் தொழிற்கல்லூரி முடிக்கும் மகள், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புக் கல்வியில் பட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்று போன வருடம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒரு முகவர் ஆஸ்திரேலியாவைத் தவிர வழியே இல்லை என்று அடித்துச் சொன்னார். அது தப்பு. இங்கே சிங்கப்பூரில் சிறப்புக் கல்விப் பள்ளி முதலில் வேலைக்கு எடுத்து, அப்புறம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் ஒரு வருடப் பட்டயப் படிப்புக்கு அனுப்புவதுதான் வழக்கமான பாதை, அதனால் அந்தத் துறையிலேயே இளநிலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்றில்லை. பேச்சுச் சிகிச்சை வேறு கதை. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டமும் சிகிச்சையாளராகப் பதிவும் கட்டாயம். சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் நாலு வருட இளநிலைப் பட்டம் 2020-ல் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன் உள்ளூரில் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்புதான்.

உண்மையில் கைகொடுத்தது "முதலில் தொண்டூழியம் செய்யட்டும்" என்ற யோசனை. சிறப்புக் கல்விப் பள்ளி ஒன்றில் தொண்டூழியம் செய்யப் போன மூன்றாவது வாரம், பேசாத ஒரு பையன் குவளைப் படம் போட்ட அட்டையை இவள் கையில் திணித்துவிட்டு முகத்தையே பார்த்தானாம். தண்ணீர் கேட்கிறான் என்று புரிய இவளுக்கு அரை நிமிடம் ஆனது.

ஆசிரியர் வேலைதான் என்று போனவள் பேச்சுச் சிகிச்சைக்கு விண்ணப்பித்தாள். நான் எதிர்பார்க்கவில்லை. நேர்முகத்தில் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்றும் கேட்டார்களாம். போன வாரம் இடம் கிடைத்துவிட்டது.