புதுப்பிப்பு: பழைய எம்57 பிஸ்டல் தயார்

டெக்சஸில் வாங்கிய யூகோஸ்லாவிய ராணுவத்தின் பழைய எம்57 பிஸ்டலுக்குப் புது மெருகு போடலாமா, அதை எப்படி உடன் வைத்துக்கொள்வது என்று முன்பு கேட்டிருந்தேன். மெருகு முடிந்தது. துருப்பிடிக்காமல் கிடங்கில் வைக்கப் பூசியிருந்த காஸ்மோலின் கிரீஸ்தான் பாடாய்ப்படுத்தியது. துடைத்தாயிற்று என்று நிமிர்ந்தால் சுடும் ஊசி ஓடும் துளையிலிருந்து பழுப்பாகக் கசிகிறது. ஊசி அதில் ஒட்டிக்கொண்டால் தானாகவே சுட்டுவிடும் ஆபத்து என்பதால், அதை முழுக்கக் கழுவிய பிறகே மற்ற வேலை. ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, துருப்பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டுக் கறுப்பாக்கித் தேய்த்தேன். அதில் பொறித்த முத்திரை மழுங்கிவிடும் என்று மணல்தாள் பக்கமே போகவில்லை.

அப்புறம், பாதுகாப்பு. டோக்கரெவ் என்ற சோவியத் பிஸ்டலின் வழி வந்த இதில் ஆதியில் சேஃப்டி லீவரே கிடையாது. அமெரிக்க இறக்குமதிக்காகச் சேர்த்ததுதான். சுத்தியலைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்தி நம்புவது எனக்கு ஒப்பவில்லை. சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) காலி, ட்ரிக்கரை மூடும் கெட்டி உறை, அவ்வளவுதான். பழைய ராணுவத் தோட்டா சுட்ட அன்றே குழலை வெந்நீரில் கழுவிவிடுகிறேன். அது குழலில் விட்டுவைக்கும், துருப்பிடிக்க வைக்கும் உப்பு எண்ணெயில் கரையாது.