ரூம் வாடகையை ரெண்டு பில்லாப் பிரிக்கலாமா?

கானாடுகாத்தான் முகப்பு:
பங்காளிங்க சம்மதத்தோட பழைய வீட்டுல ஆறு ரூம் விடுறோம். காலைப் பலகாரம் சேத்து ஒரு நாளைக்கு 9,500. 7,500ஐத் தாண்டுறதால ஜிஎஸ்டி 18 சதவீதம். அதுக்குள்ள இருந்தா 2025 செப்டம்பர் 22லேருந்து 5தான். ஒரு ஆடிட்டர் சொல்றாரு: ரூம் 7,400னு என் பேர்ல ஒரு பில், ‘பாரம்பரிய அனுபவம்’ 2,100னு வீட்டம்மா பேர்ல இன்னொண்ணு. அவங்க வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள, ஜிஎஸ்டி பதிவே வேண்டாமாம். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒப்பந்தமும் எழுதித் தர்றாராம். ரூமுக்கு நாளொண்ணுக்கு 1,340 மிச்சம். செய்யலாமா?

காரைக்குடி கணக்குப்பிள்ளை:
தம்பி, “அனுபவம் வேண்டாம், ரூம் மட்டும் குடுங்க”ன்னு ஒருத்தர் வந்து நின்னா 7,400க்குச் சாவி குடுப்பீங்களா? மாட்டீங்கன்னா அது ஒரே சேவை. எத்தனை பில் போட்டாலும் ரூம்தான் முக்கியம், மொத்தத்துக்கும் அதோட வரிதான்.

முன்னாடி நான் கணக்கு பாத்த ஒரு பழைய மரச்சாமான் கடை. பொருள் விக்கிறவங்களுக்கான 40 லட்சப் பதிவு வரம்பைத் தாண்டக் கூடாதுன்னு அண்ணன் தம்பி மூணு பேர்ல மூணு கடையாக் காட்டியிருந்தாங்க. அதிகாரி வந்தாரு, ஒப்பந்தத்தைத் தொடவே இல்ல. ஈபி மீட்டர் எங்கேன்னாரு. ஒண்ணே ஒண்ணு. பில் புத்தகம் மூணையும் விரிச்சு வச்சாரு: ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை. வரி, வட்டி, வரிக்குச் சமமா அபராதம். டீ கூடக் குடிக்கல மனுஷன்.

உங்க கணக்கும் நிக்காது. ஆறு ரூமும் நிரம்பினா வீட்டம்மா பேர்ல தினம் 12,600. 160 நாள்ல 20 லட்சம் தாண்டிடும். அதோட, 18ல இருந்தா ஏசி, மெத்தைக்குக் கட்டின வரியக் கழிச்சுக்கலாம். 5ல அது கிடையாது. அப்ப 1,340 எப்படி முழுசா மிஞ்சும்?

வரிக்குதிரை:
அண்ணே, வரி ஏய்ப்புக்குன்னே பண்ற ஏற்பாட்டை ஒதுக்குற பொது விதி வருமான வரியிலதான இருக்கு? ஜிஎஸ்டியில இல்லையே.

காரைக்குடி கணக்குப்பிள்ளை:
அந்தப் பேர்ல இல்லதான், ஆனா கோர்ட்டு காகிதத்தை மட்டும் பாத்து விட்டுடாது. 1985 மெக்டவல் வழக்கு விற்பனை வரி வழக்குதானே? சாராய கம்பெனி, கலால் தீர்வையை வாங்குறவங்களே நேரா கட்டிடுவாங்க, அது எங்க பில்லுல வராதுன்னு வாதாடிச்சு. அதுவும் விற்றுமுதல்தான், அதுக்கும் விற்பனை வரி உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஐரோப்பாவுல 2006ல ஹாலிஃபாக்ஸ் வங்கி வழக்கு. கால் சென்டர் கட்டடம் எழுப்புனதுக்கான வரியத் திரும்ப வாங்க, தன் கம்பெனிங்களுக்குள்ளயே ஒப்பந்தமாச் சுத்தி விட்டுச்சு. வரிச் சலுகைதான் முக்கிய நோக்கம்னா, அந்த ஒப்பந்தமே இல்லாத மாதிரி வச்சுக் கணக்குப் பாருங்கன்னுச்சு கோர்ட்டு. அந்தத் தீர்ப்பு இங்க கட்டுப்படுத்தாது, ஆனா கேக்குற கேள்வி அதேதான்: வரிக்காகத்தான் இதைப் பண்ணீங்களா?

பள்ளத்தூர் ஆச்சி:
நான் ரூமை 7,500ன்னே வச்சிட்டேன். ஊர் சுத்திக் காட்டுறது தனி, வேணும்கிறவங்களுக்கு மட்டும். பாதிப் பேரு வேண்டாம்னு வளவுல (வீட்டு நடு முற்றத்துல) உக்காந்து புத்தகம் படிக்கிறாங்க.

கானாடுகாத்தான் முகப்பு:
அந்த ஒப்பந்தப் பத்திரம் வேண்டாம்னு ஆடிட்டர்கிட்ட சொல்லிட்டேன் அண்ணே. ஆனா வீட்டம்மா நெசமாவே வெள்ளைப் பணியாரம் சுடக் கத்துக் குடுக்கணும்னு நிக்கிறாங்க.

காரைக்குடி கணக்குப்பிள்ளை:
தாராளமா. வெளியாளும் வந்து கத்துக்கட்டும், காசு அவங்க கணக்குலயே விழட்டும். மாவரைக்கிற ஆளோட சம்பளத்தையும் அவங்களே குடுக்கச் சொல்லுங்க.