சாய்வெழுத்தின் மெல்லிய கோடுகள் அச்சில் அறுந்துபோகின்றன: உதவி தேவை

ஆங்கிலக் கவிதைகள் அடங்கிய 96 பக்க நூல் ஒன்றை வடிவமைத்து வருகிறேன். கவிதைகள் முழுவதையும் கார்மரண்ட் கரமோன்ட் எழுத்துருவின் சாய்வு வடிவத்தில், ரெகுலர் தடிமனில், 10 பாயின்ட் அளவில் அமைத்திருக்கிறேன். திரையில் அத்தனை எழிலாகத் தெரியும் எழுத்து, மூன்று வாரங்களாக எடுத்துவரும் ஒவ்வொரு மாதிரி அச்சிலும் உடைகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஆங்கில ‘ஈ’யின் குறுக்குக்கோடு நடுவில் அறுந்திருக்கிறது, ‘என்’ எழுத்தில் தண்டிலிருந்து வளைவு பிரியும் இடம் வெறும் புள்ளிகளாகச் சிதறுகிறது. அதே எழுத்துருவில் 42 பாயின்ட் அளவில் உள்ள தலைப்புகளில் எந்தக் குறையும் இல்லை. பெரிய அளவுக்கென்றே வரையப்பட்ட எழுத்துரு இது என்பதை அறிவேன்.

லேசர் அச்சின் நுணுக்கத்தை 600 டிபிஐயிலிருந்து (ஓர் அங்குலத்தில் அச்சாகும் புள்ளிகளின் எண்ணிக்கை) 1200க்கு உயர்த்தினேன். எழுத்து நிறம் சாம்பலாகவோ கலவையாகவோ இல்லாமல் 100 விழுக்காடு கறுப்பாகவே இருப்பதை உறுதிசெய்தேன். வழவழப்பான தாளிலும் அச்சிட்டுப் பார்த்தேன்; சற்றே தேறியது, அவ்வளவுதான். மீடியம் தடிமன் 11 பாயின்டில் உடையாமல் நிற்கிறது, ஆனால் நீண்ட அடிகள் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடுகின்றன. கவிதையில் அதை ஏற்க எனக்கு மனமில்லை. இபி கரமோன்ட் என்னும் மற்றொரு எழுத்துரு உறுதியாக நின்றாலும், அதன் சாய்வில் நான் விரும்பும் அந்த வீச்சு இல்லை.

நிமிர்ந்த எழுத்துக்கு மாறும்படி சிலர் சொன்னார்கள். 1501இல் வெனிஸில் பதிப்பாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழுவதுமாகச் சாய்வெழுத்திலேயே சிறு நூலாக அச்சிட்டார் என்பதால், கவிதைக்கு இந்த வடிவமே பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்.

10 பாயின்ட் அளவில் கோடுகள் அறாமல் நிற்கக்கூடிய, இதே நளினமும் கட்டற்ற உரிமமும் கொண்ட சாய்வு செரிஃப் (கோடுகளின் முனையில் சிறு நீட்சிகள் உள்ள) எழுத்துரு எது?