குட்டி டாஃபோடில் நட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹாரோ, லண்டன்

டாஃபோடில், அதுதான் கிழங்கிலிருந்து வளர்ந்து வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்குமே, எங்கள் வீட்டில் அதில் பெரிய வகைகளை நடுவதை விட்டாயிற்று. பூத்து நிற்கும்போது ஒரு காற்று மழை வந்தால் போதும், அத்தனையும் தரையில் சாய்ந்துவிடும். இப்போது குட்டி வகைகள் மட்டும்தான். அதிலும் டேட்-அ-டேட். ஒரு சாண் உயரம்கூட வராது, ஆனால் ஒரே தண்டில் இரண்டு பூ விடும், சில சமயம் மூன்று. 1940களில் கார்ன்வாலில் அலெக் கிரே என்பவர் உருவாக்கிய வகை இது.

எங்கள் மண் லண்டன் களிமண். ஈரமாக இருந்தால் மண்வெட்டியை விட்டு வரவே வராது. அதில் அப்படியே புதைத்தால் கிழங்கு குளிர்காலத்தில் அழுகிவிடும் என்பதால் பொடிக்கல் நிறையக் கலந்துதான் நடுகிறேன். செப்டம்பர் கடைசியில் நட்டால் வேர் பிடிக்க நேரம் இருக்கும். கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழம், அதாவது 10 செ.மீ. அளவில். கூர் முனை மேலே, இடையில் நாலு விரல். வாங்கும்போது அடிப்பாகத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் வேண்டாம்.

கார்டிஃப்

அக்கா, கிழங்குப் பையைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், பின்வாசலில் இருந்த பையைப் பார்த்துவிட்டு, சாம்பாருக்கு உரிக்க உட்கார்ந்துவிட்டார். அதே பழுப்புத் தோல், அதே அளவு, அவரை என்ன சொல்வது! நல்லவேளை, "என்னம்மா உங்க ஊர் சின்ன வெங்காயம், வாசனையே இல்லையே" என்று சத்தமாகக் கேட்டார். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். டாஃபோடில் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது, சாப்பிட்டால் வாந்திதான். இந்தக் குழப்பம் நம் வீட்டில் மட்டும் இல்லை. 2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபோடிலைக் காய்கறிக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்கே சொல்ல வேண்டி வந்தது.

ஆனால் அந்த நஞ்சால் ஒரு லாபமும் உண்டு. துலிப், குரோக்கஸ் என்று எதை நட்டாலும் தோண்டும் அணில், இதைத் தொடுவதில்லை. சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கிளாஸ்கோ

நடுவது பெரிய வேலையே இல்லை. பூ முடிந்த பிறகு சும்மா இருப்பதுதான் கஷ்டம். வாடிய தலையைக் கிள்ளிவிடலாம், விதைக்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகும். இலையில் மட்டும் கை வைக்காதீர்கள். குறைந்தது ஆறு வாரம் வெயிலில் நின்று, தானாக மஞ்சளாகிச் சாய வேண்டும். அடுத்த ஆண்டுப் பூ அந்த நாட்களில்தான் கிழங்குக்குள் உருவாகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிலர் இலையைப் பின்னி முடிச்சுப் போடுகிறார்கள், அதுவும் வெட்டுவதற்குச் சமம்தான். எங்கள் வீட்டில் மே மாதம் வந்தால் புல் வெட்டும் இயந்திரத்துக்கும் எனக்கும் தினம் சண்டை.

தொட்டியில் வைத்தவர்கள் இலை நிற்கும்வரை தண்ணீரை நிறுத்த வேண்டாம். தக்காளிச் செடிக்கு விடும் உரத்தையே கொஞ்சம் விட்டால் நல்லது.

ஹாரோ, லண்டன்

சரியாகச் சொன்னீர்கள். இலை குட்டையாக இருப்பதாலேயே இந்த வகை எனக்குப் பிடிக்கிறது, முன்னால் ஏதாவது செடி தழைத்தால் மறைந்துவிடும். டேட்-அ-டேட் முடிந்ததும் ஏப்ரலில் பூக்க ஹவேரா கொஞ்சம் வையுங்கள். நியூசிலாந்து வகை, வெளிர் மஞ்சளில் கொத்துக் கொத்தாக வரும்.

கடையில் பூவோடு விற்கும் தொட்டியைப் பிறகு என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தூக்கி எறியாதீர்கள். பூ போனதும் மண்ணோடு அப்படியே எடுத்துத் தோட்டத்தில் கொஞ்சம் ஆழமாக வைத்துவிடுங்கள். மறு ஆண்டு வெறும் இலையாக வந்தாலும் பிடுங்க வேண்டாம், பெரும்பாலும் அதற்கடுத்த ஆண்டு பூத்துவிடும்.