கூறைச் சேலைக்கு எழுதிய மூன்று வரிகள்

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில், வரலாறு கற்பித்த, வட இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள கிளிநொச்சி மாவட்டப் பாடசாலையில், பத்தாம் தர மாணவர்களைக் கொண்டு ‘வன்னியும் போரும்’ என்ற தலைப்பில் சிறு கண்காட்சி ஒன்றை வைத்தோம். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து அதன் கீழே மூன்று வரிக் குறிப்பு எழுத வேண்டும் என்பதே ஏற்பாடு. பொருள்கள் ஒரு கிழமைக்குள் சேர்ந்துவிட்டன. குறிப்புகளை எழுதி முடிக்க இரண்டு மாதங்கள் ஆயின.

ஆயத்தமாக மாணவர்களை முதலில் கற்சிலைமடுவுக்கு அழைத்துச் சென்றேன். 1803 ஓகஸ்ட் 25 அன்று பிரித்தானியரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றிய வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனை, அதே ஆண்டு ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததைப் பதிந்த நினைவுக்கல் அங்கே உண்டு. வென்ற தரப்பின் பெருமைக்காக எழுந்த கல்லிடம், இன்று எம்மவர் தோற்றவனை நினைந்தே செல்கின்றனர். மாணவன் ஒருவன் குறிப்பேட்டைத் திறந்து, “டிறிபேர்க் தோற்கடித்தான் எண்டு எழுதிறதோ, தோற்கடித்தார் எண்டு எழுதிறதோ, சேர்?” என்று கேட்டான். இருவருக்கும் ‘ஆர்’ விகுதியே போடச் சொன்னேன். இருநூறு ஆண்டுகள் கடந்த போருக்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடிந்தது.

ஆனையிறவில் அது முடியவில்லை. 1991 யூலை 14 அன்று அங்கிருந்த இராணுவ முகாமை நோக்கி வந்த, விடுதலைப் புலிகளின் கவசமிட்ட புல்டோசர் ஒன்றைத் தடுத்து உயிர்விட்ட காமினி குலரத்ன என்ற படைவீரரின் நினைவாக, அந்த வாகனமே அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நாங்கள் நின்ற வேளையில் தெற்கிலிருந்து வந்த பேருந்திலிருந்து இறங்கிய வயதான அம்மா ஒருவர், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நெடுநேரம் கைகூப்பி நின்றார். 2000 ஏப்பிரலில் இந்த முகாம் வீழ்ந்தபோது அவருடைய மகன் திரும்பி வரவில்லை என்று உடன் வந்தவர் தமக்குத் தெரிந்த தமிழில் எனக்குச் சொன்னார். என் மாணவி ஒருத்தியோ, “உள்ளுக்க இருந்த ஆக்கள் ஆர், சேர்?” என்று மெல்லக் கேட்டாள். அவளுடைய தாய்மாமன் 1991 ஆனையிறவுச் சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். அந்த அம்மாவுக்கும் இந்தப் பிள்ளைக்கும் பொருந்தும்படி ஒரே பலகையில் என்ன எழுதுவது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஆயுதங்களும் உலோகப் பொருள்களும் வேண்டாம் என்று அதன் பின் முடிவெடுத்தேன். அதற்குள் ஒரு மாணவன், காணி துப்புரவாக்கும்போது கிடைத்த துருவேறிய உருண்டை ஒன்றை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்துவிட்டான். பிள்ளைகளை வெளியேற்றிப் பொலிசுக்கு அறிவித்து, வெடிபொருள் அகற்றுவோர் வந்து அதை எடுத்துச் செல்லும்வரை என் கைநடுக்கம் நிற்கவில்லை. முதல் அறிவித்தலிலேயே எச்சரிக்காமல் விட்டது என் பிழை. வன்னியில் காட்சிப்பொருள் தேடுகிறவர்கள் இதை எல்லாவற்றுக்கும் முன்னே வைக்க வேண்டும்.

எண்களிலும் இடர்ப்பட்டோம். இறுதிக்கட்டப் போரில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் கூறியதையும், இலங்கை அரசு அதை ஏற்க மறுத்ததையும் சேர்த்தே எழுதினோம். எவருடைய கணக்கு என்று சொல்லாமல் சுவரில் எண்ணை எழுதுவது தவறு என்பதே என் கருத்து.

வந்த பொருள்களில், பொருளாதாரத் தடைக் காலத்து ஜாம் போத்தல் விளக்குகளே அதிகம். என்னை நிறுத்தி வைத்தது ஒரு மாணவியின் அம்மம்மா கொண்டுவந்த பை. 2009 இல் சனங்கள் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழியான பங்கரைச் சுற்றி அடுக்கினார்கள். இது அவருடைய கூறைச் சேலையில் தைத்தது. ஆணி அடிக்கக் கூடாது, மீண்டும் மண் நிரப்பக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு தந்தார்.

அந்தப் பங்கரில்தான் அவருடைய மூத்த மகன் இறந்தார். பேத்தி ‘கொல்லப்பட்டார்’ என்று எழுதினாள். அனுமதிக்காகக் குறிப்புகளைக் காட்டிய இடத்தில், அப்படி எழுதினால் யாரால் என்ற கேள்வி எழும், ‘காலமானார்’ என்று மாற்றுங்கள் என்றார்கள். சக ஆசிரியர் ஒருவர் ‘பலியானார்’ என்றார். தினப்பத்திரிகைத் தலைப்புப்போல் இருந்ததால் எனக்கு மனம் ஒப்பவில்லை. இறுதியில் அம்மம்மாவிடமே கேட்டோம்.

“காலமாகிறது எண்டா வீட்டில பாயில கிடந்து போறது, தம்பி,” என்றார். பிறகு, தான் சொல்வதை அப்படியே எழுதும்படி பேத்தியிடம் சொன்னார்:

‘இது என்ர கூறைச் சீலை.
பங்கருக்கு மூட்டையாத் தைச்சது.
என்ர மூத்தவன் இதுக்குப் பின்னால இருந்தவன்.’

அந்த மூன்று வரிகளையும் எவரும் மாற்றச் சொல்லவில்லை. மற்றக் குறிப்புகளைக் கடந்து போனவர்கள்கூட அந்த மேசையருகே நின்று இரண்டாம் முறை வாசித்ததைப் பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை அம்மம்மா வந்து சேலையை மடித்து எடுத்துக்கொண்டு, அந்த அட்டையையும் கேட்டு வாங்கிப் போனார்.