பிளஸ் டூ முடித்ததும் லடாக் போகலாமா?

தண்டையார்பேட்டை மாணவி: மே மாதம் எங்கள் வகுப்பில் 22 பேர், 2 டீச்சர்களோடு லடாக்கின் லே நகருக்குப் போக ஆசைப்படுகிறோம், யாருமே ஊட்டியைத் தாண்டிக் குளிர் பார்த்ததில்லை, வீட்டில் பயப்படுகிறார்கள். எப்படித் திட்டமிடுவது?

ராயபுரம் அண்ணன்: லே சுமார் 3,500 மீட்டர் உயரம்மா. கடலோரத்தில் வளர்ந்த நாம் விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் தலைவலி, வாந்தி வரலாம். முதல் 2 நாள் அறையிலேயே ஓய்வெடுங்கள், இன்னும் உயரமான கர்துங் லா மலைக் கணவாய் எல்லாம் அப்புறம்தான். ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது. நம்மூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது.

பெரம்பூர் அக்கா: முதல் பயணத்துக்கு மணாலி போதும் என்பேன், உயரம் சுமார் 2,050 மீட்டர்தான். சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை டெல்லி, அங்கிருந்து பஸ். மணாலியிலிருந்து 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கச் சாலையைத் தாண்டினால் சிஸ்ஸு கிராமத்தில் சுற்றிலும் பனிமலை! ரயில் டிக்கெட் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும், விட்டுவிடாதீர்கள்.

மாணவி: சரிக்கா, மணாலியையே வீட்டில் கேட்கிறோம்.