ரங்கனதிட்டு: படகிலிருந்து பார்க்கக் கிடைப்பவை

'ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயத்துக்கு எந்த மாதம் போகலாம்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நாள்காட்டியைப் பார்ப்பதற்கு முன் கண்ணம்பாடி (கிருஷ்ணராஜசாகர்) அணையின் நீர்மட்டத்தைப் பாருங்கள். கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை ஒட்டி, அந்த அணைக்குக் கீழே காவிரிக்குள் கிடக்கும் சிறு திட்டுகள் இவை. 17-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் நீர் பரவி உண்டானவை. பறவையியலாளர் சாலிம் அலி எடுத்துச் சொல்ல, மைசூர் அரசு 1940-ல் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் ராம்சார் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. சரணாலயத்தின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை.

பிப்ரவரி முதல் மே வரை நீர் இறங்கிப் பாறைகள் வெளியே தெரியும். கூடு, குஞ்சு, முதலை எல்லாம் ஒரே படகுச் சுற்றில் கிடைக்கும் காலம் அது. தென்மேற்குப் பருவமழையில் அணை நிரம்பி மதகு திறந்தால் படகு ஓடாது. போவதற்கு முந்தின நாள் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

*

மரத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். நீர்மருது, மூங்கில், தாழை இந்த மூன்றில்தான் பெரும்பாலான கூடுகள். உச்சியிலிருந்து கீழே வாருங்கள். மேல் கிளைகளில் மஞ்சள் மூக்கு நாரை. நல்ல வெயிலில் தாய்ப் பறவை கூட்டின்மேல் இறக்கையை விரித்து, முதுகில் வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கும். நிழல் குஞ்சுகள்மேல் விழும். இரை கொண்டுவரும் நாரை மீனைக் கூட்டின் தரையில் கக்கும், குஞ்சுகள் பொறுக்கித் தின்னும். அந்தச் சமயம் கீழே கவனித்தால் தவறி விழும் மீனுக்கும், சில நேரம் விழும் குஞ்சுக்குமே முதலை காத்திருப்பது புரியும்.

கரண்டிவாயன் குஞ்சைப் பார்த்துப் பலர் வேறு பறவை என்று எழுதிவிடுகிறார்கள். பிறந்தவுடன் அதன் அலகு குட்டையாக, சாதாரணமாகத்தான் இருக்கும். வளர வளரத்தான் நுனி தட்டையாகும். நத்தை குத்தி நாரையும் அப்படியே: வளர்ந்த பறவையின் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவே தெரியும் இடைவெளி இளம் பறவைக்குக் கிடையாது. அந்த இடைவெளியில் வைத்து நத்தையை நொறுக்குகிறது என்று இன்னும் சொல்கிறார்கள். அது தவறு. ஓட்டை உடைக்காமல், கீழலகின் கூர்நுனியை உள்ளே விட்டுச் சதையை அறுத்து எடுக்கிறது.

*

இதுவரை மரத்தைப் பற்றியே சொன்னேன். எனக்குப் பெரிய கவலை பாறைகள்தான். ஆற்று ஆலா என்ற பறவை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறைப் பள்ளத்தில், மணலில் இரண்டு மூன்று முட்டை. மண்நிறத்தில் பழுப்புப் புள்ளிகளோடு இருப்பதால், பக்கத்தில் படகு போனாலும் கண்ணில் படாது. தட்டையான பாறையில் ஒரே இடத்தில் அசையாமல் ஓர் ஆலா உட்கார்ந்திருந்தால் அதன் அடியில் முட்டை இருக்கிறது என்று வையுங்கள். உச்சி வெயிலில் அது பறந்துபோய் வயிற்றை நீரில் நனைத்துத் திரும்பி வந்து உட்காரும், முட்டையின் சூடு தணிய. படகு நெருங்கி அதை எழுப்பிவிட்டால் சில நிமிடங்களிலேயே முட்டை வெந்துபோகும் அபாயம் உண்டு. அதனால்தான் 'இன்னும் கிட்டே போங்க' என்று துடுப்புக்காரரிடம் கேட்கக் கூடாது.

வெயிலைச் சமாளிக்கும் இந்தப் பறவையால் நீர் ஏறுவதைச் சமாளிக்க முடியாது. கோடையில் அணையிலிருந்து திடீரென்று நீர் திறந்தால் ஒரு சாண் ஏறினாலே தாழ்ந்த பாறைகளில் இருக்கும் முட்டைகள் போய்விடும். தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலு தாண்டி மேட்டூருக்கு வருவதும் இதே நீர்தான். நமக்கு அது வேண்டும். சட்டென்று திறக்காமல் படிப்படியாகக் கூட்டினால், குஞ்சு பொரித்து நடமாடத் தொடங்கியவையாவது மேட்டுப் பாறைக்கு நகர்ந்துகொள்ளும்.

*

முதலை பற்றி: வாயைப் பிளந்து கிடப்பது கோபம் இல்லை, உடல் சூட்டைத் தணிக்கிறது. பாறையில் கிடப்பதைவிட நீரில் இரண்டு கண்ணும் மூக்குநுனியும் மட்டும் தெரிய மிதப்பதைத் தேடப் பழகுங்கள். கையை நீரில் விடாதீர்கள். பெண் முதலை கோடையில் கரை மணலில் குழி தோண்டி முட்டையிடும். குட்டி ஆணா பெண்ணா என்பதைக் குழியின் வெப்பம் முடிவு செய்கிறது.

நீர்நாய் கண்ணில் படுவது அபூர்வம். பாறைமேல் மீன்செதிலும் முள்ளுமாக உலர்ந்த எச்சக் குவியல் தெரிந்தால் அது வந்துபோகும் இடம்.

*

படம் எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. படகு ஆடும், முக்காலி பயன்படாது. பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை 1/1600 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். வெள்ளை இறகு வெளிறிப்போகாமல் இருக்க கேமராவின் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறையுங்கள். துடுப்பு நின்ற பிறகு அழுத்துங்கள். ஒருவரும் எழுந்து நிற்க வேண்டாம்: படகு சாயும், மூங்கிலில் இருக்கும் இராக்கொக்குகள் மொத்தமாகக் கிளம்பும், அந்த இடைவெளியில் காக்கை முட்டையைத் தூக்கும்.

மூங்கிலுக்கு அப்பால் கறுப்பாகத் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். பகல் சூட்டில் ஒற்றை இறக்கையால் விசிறிக்கொண்டே இருக்கும். மாலை கடைசிப் படகில் போனால், பறந்தபடியே நெஞ்சை நீரில் உரசிவிட்டுப் போய் மரத்தில் தொங்கி, ஈர மயிரை நக்கிக் குடிப்பதைப் பார்க்கலாம்.